நாலு வயதுப் பிள்ளையின் ஓட்டும் பதினாறு வயதுப் பையனின் பாட்டிலும்

வேப்பமரத்தடி:
"சுதந்திரப் பள்ளி என்றால் கஞ்சாவுக்கு வாசலைத் திறந்து வைத்த இடம்" என்று கறார் நேற்று எழுதியிருந்தார். பதினொரு வருடமாக அப்படியொரு விடுதிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1968 முதல் நடக்கும் சட்பரி வேலி பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போவது அவரவர் விருப்பம். ஆனால் விதிகள் நிறைய உண்டு, வளாகத்துக்குள் போதைப்பொருள் கூடாது என்பது உட்பட. மீறினால் மாணவர்களே உட்கார்ந்திருக்கும் நீதிக்குழு விசாரிக்கும். பெரிய தப்பு பள்ளியின் பொதுக்கூட்டத்துக்குப் போகும். இடைநீக்கம் செய்யவும் அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கே ஐயா திறந்திருக்கிறது வாசல்?

கறார்:
அந்தக் கூட்டத்தில் யாருக்கெல்லாம் ஓட்டு என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நாலு வயதுப் பிள்ளைக்கும் ஓட்டு. பதினாறு வயதுப் பையன் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று நாலு வயதுப் பிள்ளை கை தூக்கித் தீர்மானிக்கும். நல்ல பள்ளிக்கூடம்!

மூன்றாம்பெஞ்ச்:
சுதந்திரப் பள்ளியையும் மாற்றுப் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். எந்த மாற்றுப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம்? வேறு பள்ளிகள் வெளியேற்றிய பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அமெரிக்காவில் அதே பெயர்தான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவருகிறவர்களுக்கென்றே தனி உயர்நிலைப் பள்ளிகளும் அங்கே இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

வேப்பமரத்தடி:
கறார், கூட்டத்துக்கு வருவதும் கட்டாயமில்லை. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கறார்:
பெரும்பாலும்! அப்படியானால் சில நாள் வருகிறார்கள். வந்தால் ஓட்டு உண்டா, இல்லையா?

வேப்பமரத்தடி:
உண்டு. அதனால் இதுவரை என்ன கெட்டுப்போனது, சொல்லுங்கள்.

ஆதிரையின் அம்மா:
என் மகன் படித்தது சாதாரணப் பள்ளி. பையில் ஒரு பாட்டில் இருந்தது. மறுநாளே டிசி. நாலு வயதுப் பிள்ளையும் அங்கே இல்லை, நாற்பது வயதுக்காரரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டிலை யார் கொடுத்தது என்றுகூடக் கேட்கவில்லை.

கறார்:
வருத்தம்தான் அம்மா. ஆனால் அந்த வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் உண்டு. பேச்சு, கூட்டம், ஓட்டு எல்லாம் வேண்டாம், சிறுநீர்ப் பரிசோதனை போதும். விளையாட்டு, இசை போன்றவற்றில் சேரும் மாணவர்களை முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2002-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வேப்பமரத்தடி:
ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது. பள்ளிகளில் அப்படிச் சோதிப்பதை அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே எதிர்க்கிறது. அடிக்கடி கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் இருக்கும். குடித்த சாராயமோ ஏறக்குறைய ஒரு நாளில் போய்விடும். சோதனை வரும் என்று தெரிந்த பையன் எதற்கு மாறுவான்? கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம், எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், நள்ளிரவு தாண்டி ஒரு பதின்மூன்று வயதுப் பெண் என் கதவைத் தட்டினாள். "அக்கா, அவள் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள், இப்போது எழுப்பினால் எழவில்லை" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை மல்லாந்து கிடக்கிறாள். அந்த நிலையில் இன்னொரு தடவை வாந்தி வந்தால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்தாள். அந்தச் சின்னப் பெண் ஏன் கதவைத் தட்டினாள் தெரியுமா? உதவி கேட்டு வருகிறவருக்கும் உதவி தேவைப்பட்டவருக்கும் அந்த இரவுக்காகத் தண்டனை கிடையாது என்று எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளே விதி போட்டிருந்தார்கள். டிசிக்குப் பயந்திருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள்.

கறார்:
ஆக, குடித்தால் தண்டனை இல்லை. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

வேப்பமரத்தடி:
எழுதியதை முழுக்கப் படியுங்கள். பாட்டிலை வாங்கி வந்த பெரிய பெண்ணைக் கூட்டத்தில் நிறுத்தினோம். பருவம் முடியும்வரை வெளியே போகும் அனுமதி போயிற்று. அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள்.

கறார்:
வீட்டுப்பாடம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு கதையைச் சொல்லி நழுவினீர்கள். நான் மறக்கவில்லை. சரி, உங்கள் ஆட்கள் எல்லாரும் கும்பிடும் இங்கிலாந்துச் சுதந்திரப் பள்ளி சம்மர்ஹில்லுக்கே வருவோம். 1921-இல் அதைத் தொடங்கிய நீல், சாப்பாடு, பணம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றைப் பிள்ளைகளின் ஓட்டுக்கு விடவே இல்லை. சோறு என்னவென்று முடிவு செய்யவே ஓட்டு இல்லாத பிள்ளைக்குச் சாராய விவகாரத்தில் ஓட்டா?

வேப்பமரத்தடி:
வீட்டுப்பாட விவாதத்தில் நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கு நீங்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் யாரையும் கும்பிடவும் இல்லை. நீல் ஒதுக்கி வைத்தது நிர்வாகத்தை. சேர்ந்து வாழ்வதற்கான விதிகளைக் கூட்டம்தான் போட்டது. சுதந்திரம் வேறு, மனம்போன போக்கு வேறு என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
பீரும் கஞ்சாவும் சிகரெட்டும் ஒரே விதிக்குள் வருமா? இதற்காவது யாராவது பதில் சொல்லுங்களேன்.

கறார்:
நாலு வயதுப் பிள்ளைக்குப் பீர் எது, பழச்சாறு எது என்று தெரியுமா? அதைக் கேளுங்கள் முதலில்.

வேப்பமரத்தடி:
உங்களுக்கு அந்த நாலு வயதை விட்டால் வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு பிள்ளை செத்துப்போயிருப்பாள் என்று எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரி உங்களிடம் இல்லை.

கறார்:
விடுதிக்குள் பாட்டில் வந்ததே உங்கள் காவல் சரியில்லாததால். அதையும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஆதிரையின் அம்மா:
பாட்டில் எல்லாப் பள்ளிக்குள்ளும் வருகிறது. நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. யார் கொடுத்தது என்று என் பிள்ளையிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா?

கறார்:
கேட்கலாம் அம்மா. தலைமையாசிரியர் கேட்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அல்ல.