ஆர்க்கம் ஹாரர் கார்ட் கேம்: க்ரிம் ரூல் என்றால் எப்போதும் நமக்கு மோசமானதைத்தான் எடுக்க வேண்டுமா?

சாம்பல்பூனை:

நானும் தம்பியும் கோர் செட்டில் வரும் நைட் ஆஃப் த ஸெலட் கேம்பெயினை ஆரம்பித்திருக்கிறோம். இருவரும் ஒரே அணியாக ஆட்டத்தை எதிர்த்து ஆடும் விளையாட்டு இது; என் பாத்திரம் ஆக்னஸ், அவனுடையது ரோலண்ட். முதல் ஸினாரியோவான தி கேதரிங்கிலேயே மூன்று இடத்தில் வாக்குவாதம் வந்து, கார்டுகளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழுந்துவிட்டோம். யாராவது தீர்த்து வையுங்கள்.

முதலில் எனக்கு கிரிப்ட் சில் என்ற தீங்கு கார்டு வந்தது. வில்பவர் 4 டெஸ்ட், ஆக்னஸுக்கு 5 இருக்கிறது, ஆனால் பைக்குள் கைவிட்டால் எப்படியும் தோற்க வைக்கும் ஆட்டோ-ஃபெயில் டோக்கன். தோற்றால் நம்மிடம் உள்ள அசெட்டில் (மேசையில் போட்டு வைத்துப் பயன்படுத்தும் கார்டு) ஒன்றைத் தேர்ந்தெடுத்து டிஸ்கார்ட் செய்ய வேண்டும், முடியாவிட்டால் 2 டேமேஜ். என் முன்னால் மூன்று சார்ஜும் (பயன்படுத்தும் தடவை) தீர்ந்த ஸ்க்ரையிங் சும்மா கிடந்தது, பக்கத்தில் நான்கு சார்ஜும் முழுசாக ஷ்ரிவலிங். நான் ஸ்க்ரையிங்கை எடுத்துப் போடப் போனபோது தம்பி தடுத்துவிட்டான். க்ரிம் ரூல்படி நமக்கு எது மோசமோ அதுதான் நடக்க வேண்டும், அதனால் ஷ்ரிவலிங்தான் போகணும் என்கிறான்.

அப்புறம் எலிகள். ஸ்வார்ம் ஆஃப் ராட்ஸை ஹால்வேயில் ஏய்த்துவிட்டு நான் அட்டிக்குக்குப் போய்விட்டேன், அவன் செல்லரில் இருந்தான். அடுத்த சுற்றில் ஹன்டர் (நம்மைத் தேடி வரும் எதிரி) நகரும்போது இரண்டு பேரும் ஒரே தூரம். நான்தான் லீட் இன்வெஸ்டிகேட்டர் (குழுவின் தலைமைப் பாத்திரம்), எலிகளை அவனிடம் அனுப்பலாம் என்று பார்த்தேன், அடிப்பதற்கு ரோலண்ட்தான் சரியான ஆள். அதற்கும் அதே ரூலைக் காட்டி, பலவீனமானவளிடம்தான் போகும் என்றான்.

மூன்றாவதில் அவன் கட்சி மாறிவிட்டான். ரேவனஸ் கூல் என்ற எதிரி என்னோடு எங்கேஜ் ஆகியிருந்தது, அதாவது என்னோடு மோதலில் இருந்தது. அவன் அதே இடத்துக்கு வந்து மஷெட்டியால் அடித்து 2 டேமேஜ் என்றான். அவனோடு வேறு எதிரி எதுவும் இல்லையாம், அதனால் கூடுதல் 1 உண்டாம். இங்கே மட்டும் ஏன் க்ரிம் ரூல் வரவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை.

பழையடெக்:

முதல் இரண்டில் உங்கள் தம்பி பக்கம்தான் நான். நாங்கள் நான்கு பேர் ஆடும்போது சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மோசமானதைத்தான் எடுத்துக்கொள்வோம். இது பயமுறுத்தும் விளையாட்டு, நமக்கு வசதியாக முடிவெடுத்துக்கொண்டே போனால் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? ரூல் புத்தகத்திலும் மோசமான வழி என்றுதானே இருக்கிறது. மஷெட்டி பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது.

கடைசி_டோக்கன்:

இல்லை, இரண்டு பேருமே அந்த ரூலின் முதல் பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள். ரூல்ஸ் ரெஃபரன்ஸில் இருப்பது இதுதான்: ஒரு ரூலிலோ டைமிங்கிலோ முரண்பாடு வந்து, அதற்கு விடை அந்தப் புத்தகத்தில் கிடைக்கவில்லை என்றால், ஸினாரியோவை ஜெயிப்பதற்கு அந்த நேரத்தில் எது மிக மோசம் என்று தோன்றுகிறதோ அப்படித் தீர்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். விடை கிடைக்காதபோது மட்டும்தான். பாதி ஆட்டத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கக் கூடாது, கார்டை நமக்குச் சாதகமாக வளைக்கவும் கூடாது, அதற்காக வைத்த ரூல் அது. கார்டே உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது அங்கே முரண்பாடு எதுவும் இல்லை.

கிரிப்ட் சில்லில் 'தேர்ந்தெடுத்து' என்ற சொல்லே இருக்கிறது. யார் தேர்ந்தெடுப்பது? கார்டை எடுத்தவர், அதாவது நீங்கள். காலி ஸ்க்ரையிங்கைப் போடலாம், தப்பே இல்லை. சார்ஜ் தீர்ந்தாலும் அது மேசையில் இருக்கும்வரை அசெட்தான், கார்டில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய சார்ஜ் தீர்ந்ததும் தானாக வெளியே போகாது. சொல்லப்போனால் காலியான அசெட்டை இதற்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். இதே கார்டில் எதிர்ப்பக்கத் தவறும் அடிக்கடி நடக்கும். அசெட்டை இழக்க மனமில்லாமல் 2 டேமேஜ் வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். அது முடியாது, 'முடியாவிட்டால்' என்பது அசெட்டே இல்லாதவருக்கு.

எலிகளுக்கு ரூல் புத்தகத்திலேயே நேரடியான விடை இருக்கிறது. ஹன்டர் மிக அருகில் இருப்பவரை நோக்கி நகரும், ஒரே தூரத்தில் பலர் இருந்தால் அதன் ப்ரே வரியை (யாரைக் குறிவைக்கும் என்று சொல்லும் வரி) பார்க்க வேண்டும், அதிலும் தீராவிட்டால் லீட் இன்வெஸ்டிகேட்டர் முடிவு செய்வார். ஸ்வார்ம் ஆஃப் ராட்ஸுக்கு ப்ரே வரி கிடையாது. ஆகவே உங்கள் முடிவுதான், அது உங்கள் இருவருக்கும் நல்லதாக இருந்தாலும் சரி. இரண்டு பேர் ஆடும்போது எதிரியை யார் பக்கம் இழுப்பது என்ற யோசனைதான் பாதி ஆட்டம், அதையும் க்ரிம் ரூலிடம் கொடுத்துவிட்டால் நாம் முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

மஷெட்டியில் உங்கள் தம்பி சொன்னது தவறு, ஆனால் அந்த வரியை அப்படிப் படிக்கும் ஆட்கள் நிறைய. 'அடிபடும் எதிரி மட்டுமே உங்களோடு எங்கேஜ் ஆகியிருந்தால்' என்பதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது: அந்த எதிரி உங்களோடு எங்கேஜ் ஆகியிருக்க வேண்டும், வேறு எதுவும் எங்கேஜ் ஆகியிருக்கக் கூடாது. கூல் ஆக்னஸோடு இருக்கிறது, ரோலண்டோடு இல்லை. முதல் நிபந்தனையே தேறவில்லை, அதனால் 1 டேமேஜ்தான்.

அவரிடம் இதையும் சொல்லுங்கள். ரேவனஸ் கூலுக்கு ஹெல்த் 3. உங்களோடு இருக்கும்போதே அவர் மூன்று முறை அடித்தால் 1, 1, 1, மூன்று ஆக்‌ஷனில் சாகும். முதல் ஆக்‌ஷனில் எங்கேஜ் செய்து தன்பக்கம் இழுத்துக்கொண்டு அப்புறம் இரண்டு முறை மஷெட்டியால் அடித்தாலும் அதே மூன்று ஆக்‌ஷன்தான். வித்தியாசம் குறி தவறும்போது தெரியும்: உங்களோடு எங்கேஜ் ஆன எதிரியை அவர் அடித்துத் தோற்றால் அந்த அடியின் டேமேஜ் உங்கள் மேல் விழும். ரோலண்டுக்கு ஹெல்த் 9, ஆக்னஸுக்கு 6. நானாக இருந்தால் இழுத்துக்கொண்டுதான் அடிப்பேன்.

பழையடெக்:

நேற்று ரூல்ஸ் ரெஃபரன்ஸை எடுத்து அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, விடை கிடைக்காவிட்டால் என்றுதான் இருக்கிறது. நாங்கள் கிரிப்ட் சில் வரும்போதெல்லாம் இருப்பதிலேயே நல்ல அசெட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம், கேதரிங்கையே ஒருமுறை அதனால் இழந்திருக்கிறோம். ஒரு சந்தேகம்: கார்டும் ரூல் புத்தகமும் மோதினால்? அதற்கும் க்ரிம் ரூல் இல்லையா?

கடைசி_டோக்கன்:

அதற்கு கோல்டன் ரூல். கார்டில் உள்ளது புத்தகத்தோடு நேராக மோதினால் கார்டு சொல்வதே நடக்கும். ஆனால் 'முடியாது' என்று எங்கேயாவது வந்துவிட்டால் அதை வேறு எந்தக் கார்டும் மீற முடியாது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, டைமிங் பகுதியையும் பார்த்துவிட்டு, அப்போதும் விடை இல்லை என்றால்தான் க்ரிம் ரூல். எனக்குத் தெரிந்து ஒரு முழு ஆட்டத்தில் அந்த நிலை ஒருமுறை வந்தாலே அதிகம். வந்தால் அப்போதைக்கு மோசமாகவே தீர்த்துவிட்டு, கார்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்து, ஆட்டம் முடிந்தபின் தேடிப் பாருங்கள்.

சாம்பல்பூனை:

ரொம்ப நன்றி. தம்பிக்குப் படித்துக் காட்டினேன், மஷெட்டியை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் ஆனது. நேற்று மறுபடி ஆடினோம், புதுச் சண்டை.

மித்தாஸ் ஃபேஸில் (தீங்கு கார்டு எடுக்கும் கட்டம்) எனக்கு ஏன்ஷன்ட் ஈவில்ஸ் வந்தது, வார்ட் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் போட்டு ரத்து செய்தேன். வார்ட் கார்டே 'பிறகு 1 ஹாரர் எடுத்துக்கொள்' என்கிறது (ஹாரர் என்பது சானிட்டிக்கு, அதாவது மனநிலைக்கு, விழும் அடி). எடுத்துக்கொண்டேன், உடனே ஆக்னஸின் ரியாக்‌ஷனால் என் இடத்திலிருந்த கூலுக்கு 1 டேமேஜ் கொடுத்தேன். அந்த ஹாரர் என் கார்டாலேயே வந்தது, எதிரியால் வரவில்லை, அதனால் செல்லாது என்கிறான். என்னிடம் ஹோலி ரோசரி இருந்தது, ஹாரரை அதன்மேல் வைத்துவிட்டு ரியாக்‌ஷனையும் எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி_டோக்கன்:

நீங்கள் ஆடியது சரி. ஆக்னஸின் வரி ஹாரர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை, ஆக்னஸ் மேல் 1 அல்லது அதற்கு மேல் ஹாரர் வைக்கப்பட்ட பிறகு என்றுதான் இருக்கிறது. சொந்தக் கார்டால் வந்தாலும் ஹாரர் ஹாரர்தான். ஒரு ஃபேஸுக்கு ஒருமுறை என்ற வரம்பு மட்டும் உண்டு.

ஆனால் ரோசரியில் வைத்துவிட்டு ரியாக்‌ஷன் எடுக்க முடியாது. ரோசரிக்கு சானிட்டி 2 இருக்கிறது, அதனால் ஹாரரை அது தாங்கலாம், அப்படித் தாங்கினால் ஆக்னஸ் மேல் எதுவும் வைக்கப்படவில்லை. 'மேல் வைக்கப்பட்ட பிறகு' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஆக்னஸின் சானிட்டி போனாலும் பரவாயில்லை, கூல் சாகட்டுமா, அல்லது ரோசரி தாங்கட்டுமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஆக்னஸை எனக்குப் பிடித்ததே இதனால்தான்.

சாம்பல்பூனை:

கடைசியாக ஒன்று. டிஸ்ஸனன்ட் வாய்சஸ் என் முன்னால் இருக்கும்போது வார்ட் போட முடியுமா? வார்ட் ஃபாஸ்ட் கார்டு (ஆக்‌ஷன் செலவில்லாமல் போடுவது) ஆயிற்றே.

பழையடெக்:

இதை நான் சொல்கிறேன், எங்கள் ஆட்டத்தில் வந்திருக்கிறது. போட முடியாது. அசெட்டையோ ஈவென்ட்டையோ (ஒருமுறை போட்டதும் முடிந்துவிடும் கார்டு) ப்ளே செய்ய முடியாது என்பதுதான் வாய்சஸ், வார்ட் ஈவென்ட்தான், ஃபாஸ்ட் என்பதால் அது ப்ளே இல்லாமல் போய்விடாது. ஆனால் ஸ்கில் டெஸ்ட்டுக்குக் கையிலிருந்து கார்டு கமிட் செய்யலாம் (டெஸ்ட்டுக்கு உதவியாகச் சேர்க்கலாம்), கமிட் செய்வது ப்ளே ஆகாது. சுற்று முடிந்ததும் வாய்சஸ் தானாகப் போய்விடும், அதுவரை வார்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.