மதிப்பீட்டாளர் இருவர் முரண்பட்டால் கட்டுரையை எப்படித் திருத்துவது?

ஆய்வு மாணவி:
வணக்கம். ஆய்விதழ் ஒன்றுக்கு நான் அனுப்பிய முதல் கட்டுரைக்கு ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய அளவில் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும்) என்று முடிவு வந்துள்ளது. மாதிரி அளவு போதாது, இன்னொரு தரவுத் தொகுப்பிலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்கிறார் முதல் மதிப்பீட்டாளர். இரண்டாமவரோ முடிவுகள் பகுதியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது? திருத்திக்கொண்டிருக்கும்போதே வேறோர் இதழுக்கும் அனுப்பலாமா?

வேறொரு மதிப்பீட்டாளர்:
ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று உறுதியளித்த பிறகே பெரும்பாலான இதழ்கள் அதை ஏற்கின்றன. அதை மீறுவது பதிப்பு நெறிப் பிழையாகும். விலகுவதானால், திரும்பப் பெறுவதாக எழுதி, இதழாசிரியரின் ஒப்புதல் வந்த பின்னரே அடுத்த இதழை நாடுங்கள். ஆனால் விலக வேண்டாம் என்பதே என் கருத்து. வேண்டாத கட்டுரையை இதழாசிரியர்கள் நேரடியாக நிராகரித்துவிடுவார்கள்; திருத்தச் சொல்வதே வாய்ப்பு இருப்பதைக் காட்டுகிறது.

மதிப்பீட்டாளர்கள் பரிந்துரைப்பவர்கள் மட்டுமே; முடிவெடுப்பவர் இதழாசிரியர். புதிய சோதனையின் விவரங்களைத் துணைக் கோப்பில் வைத்து, அதன் சாரத்தை மட்டும் முடிவுகள் பகுதியில் ஒரு பத்தியாகத் தரலாமா என்று அவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் இருவரின் கோரிக்கையும் நிறைவேறிவிடும்.

இதழாசிரியர் குழுவில் இருப்பவர்:
மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். ‘மாதிரி போதாது’ என்ற குறிப்பைச் சற்று ஆழமாகப் படியுங்கள். பல நேரங்களில் அவர்களை உறுத்துவது எண்ணிக்கையைவிட, அந்த எண்ணிக்கையைக் கொண்டு நீங்கள் கோரும் முடிவின் அகலம்தான். புதிய தரவு கிடைக்கவே வழியில்லை என்றால், தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள பொதுமைப்படுத்தலைக் குறைத்து, ஆய்வின் எல்லைகளை வெளிப்படையாக எழுதுங்கள். நேர்மையாகச் சுருக்கப்பட்ட கூற்றைப் பல மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பதில் கடிதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘பரிந்துரைப்படி திருத்தியுள்ளோம்’ என்று மட்டும் எழுதினால், எங்கே திருத்தினீர்கள் என்று மதிப்பீட்டாளர் முழுக் கட்டுரையையும் துழாவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே உங்கள் பதிலையும் மாற்றிய வாக்கியத்தையும் வரி எண்ணையும் கொடுங்கள். உடன்பாடில்லாத இடத்தில் நன்றி கூறிவிட்டு, தரவையோ முன்னாய்வையோ சான்றாகக் காட்டி மறுக்கலாம். மறுப்பதில் தவறே இல்லை, பதில் சொல்லாமல் விடுவதுதான் தவறு. வேறு இதழுக்குப் போனாலும், துறை சிறியதென்றால் அதே மதிப்பீட்டாளரிடமே கட்டுரை மீண்டும் செல்லக்கூடும்.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. ஆசிரியருக்கு இன்றே எழுதுகிறேன். புதிய சோதனைக்கு அவர்கள் தந்த காலக்கெடு போதாது. அவகாசம் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

வேறொரு மதிப்பீட்டாளர்:
நினைக்க மாட்டார்கள், இது வழக்கமான கோரிக்கைதான். ஆனால் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள். முடிந்த பிறகு அனுப்பினால், பல இதழ்கள் அதைப் புதிய கட்டுரையாகவே கருதி முதலிலிருந்து மதிப்பீட்டைத் தொடங்கும்.