வீட்டு ஜன்னல் துடைக்கும் லைன்: குறைந்தபட்சக் கட்டணம் எப்படி வைப்பது?

வாளியும்வைப்பரும்:
வணக்கம். வீடு வீடாகப் போய் ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் வேலையைத் தனியாளாகச் செய்கிறேன். மாதம் ஒரு தடவை என்று வாடிக்கை. ஜன்னலுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் வாங்குகிறேன். பெரிய வீட்டில் கட்டுப்படியாகிறது. நாலைந்து ஜன்னல் உள்ள சின்ன வீட்டில் ஏணி இறக்கி ஏற்றுகிற கூலிகூடத் தேறவில்லை. லைனில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வீடுகள்தான்.

இதற்குக் கீழே வரமாட்டேன் என்று ஒரு தொகை வைக்க வேண்டும். அதை எப்படிக் கணக்குப் போடுவது? "முன்பக்கம் மட்டும் துடை, பாதி வாங்கிக்கோ" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பழைய வாடிக்கைகளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? எல்லோரும் நல்ல மனிதர்கள், அதனாலேயே வாய் வரமாட்டேன் என்கிறது.

ஏணிப்படி:
தம்பி, ஜன்னலை எண்ணுவதை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள். முந்தின வீட்டிலிருந்து வண்டியை எடுத்தது முதல் இந்த வீட்டிலிருந்து வண்டியை எடுப்பது வரை ஓடுகிற நேரம் முழுக்க இந்த வீட்டுக் கணக்கு. வழி, வண்டி நிறுத்த இடம் தேடுவது, மணி அடித்துவிட்டுக் காத்து நிற்பது, வாளியில் தண்ணீர் பிடிப்பது, ஏணி, அப்புறம்தான் துடைப்பது. பிறகு பணம் வாங்குவது, இரண்டு வார்த்தை பேசுவது. ஒரு வாரம் போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு எழுதிப் பாருங்கள். நாலு ஜன்னலைத் துடைக்க 8 நிமிடம்தான் ஆகியிருக்கும். வீடு உங்களிடம் எடுத்துக்கொண்டது 25 நிமிடமாக இருக்கும்.

அடுத்தது மணிக்கு எவ்வளவு வேண்டும் என்பது. எரிபொருள், வண்டித் தேய்மானம், காப்பீடு, வரி, ரப்பர் பிளேடு, சோப்பு எல்லாவற்றையும் வருடத்துக்குக் கூட்டுங்கள். குடும்பத்துக்கு வேண்டியதையும், கொஞ்சம் சேமிப்பையும் அதோடு சேருங்கள். அதை வருடத்தில் உண்மையில் வேலை நடக்கிற மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 52 வாரத்தையும் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மழை, காய்ச்சல், வீட்டு விசேஷம் போக 44 வாரம் என்று வைப்பது நிதானமானது.

எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், மணிக்கு 60 என்று வந்தால் நிமிடத்துக்கு 1. அப்போது அந்தச் சின்ன வீடு 25. உங்கள் குறைந்தபட்சம் அதுதான்.

வழியைக் கணக்கில் சேர்க்காமல், துடைக்கிற நேரத்துக்கு மட்டும் கூடுதல் ரேட் வைப்பவர்களும் உண்டு. 8 மணி நேர நாளில் கண்ணாடியில் கை இருப்பது 5 மணி நேரம் என்றால், நாளுக்கு வேண்டிய 480ஐ (8 பெருக்கல் 60) 5ஆல் வகுத்து மணிக்கு 96. பெரிய வீடுகளுக்கு அது சரியாக வரும். ஆனால் 8 நிமிட வீட்டுக்கு 13கூட வராது. உங்கள் லைனில் பாதி அப்படி என்பதால் இந்த வழி உங்களுக்கு உதவாது. இரண்டையும் கலந்து 96ஐ 25 நிமிடத்தோடு பெருக்கினால், வழிக்காசை இரண்டு தடவை கேட்பதாகிவிடும். அது நியாயமில்லை.

முன்பக்கம் மட்டும் என்றால் 8 நிமிடம் 4 ஆகும், அவ்வளவுதான். மற்றது எதுவும் பாதியாவதில்லை. "குறைந்தபட்சம் 25. அதே காசுக்குப் பின்பக்கமும் சேர்த்தே துடைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நீலவாளி:
அண்ணன் சொன்ன 25 தனியாகக் கிடக்கிற வீட்டுக்குச் சரி. ஒரே தெருவில் அடுத்தடுத்து 6 வீடு இருந்தால் வழியும் இல்லை, வண்டி நிறுத்துவதும் ஒரே தடவைதான். வீட்டுக்கு 15 நிமிடம்கூட ஆகாது. அதனால் நான் இரண்டு தொகை வைத்திருக்கிறேன்: தனி வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 18. அக்கம்பக்கத்தாரை வாடிக்கையாளரே பிடித்துக் கொடுக்கிறார்.

நீளக் கம்பில் பிரஷ் மாட்டிச் சுத்திகரித்த தண்ணீரில் கழுவுகிற முறைக்கு மாறினால் ஏணி நேரம் மிச்சம். ஆனால் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு தெரியும். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், அந்த உப்பை எடுக்கிற ரெசின் மணிகள் சீக்கிரம் தீரும். அந்தச் செலவும் மணி ரேட்டுக்குள் வர வேண்டும்.

ஏணிப்படி:
தண்ணீர் விஷயத்தில் தங்கை சொன்னது அத்தனையும் சரி. 18 விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 6 வீட்டில் 4 பேர் வீடு மாறிப் போனால், மிச்சம் 2 வீட்டுக்காக 18க்கு ஓட வேண்டும். அப்போது ஏற்றப் போனால் சண்டை. வீடுகள் நெருங்கி இருப்பதால் மிஞ்சுகிற நேரம் உங்கள் உழைப்பில் சேர்ந்தது. அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விலகுகிற வீடும் மழை நாளும் அதில்தான் சமாளிக்கப்படும். குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், "இந்தத் தெருவில் 4 வீடாவது இருக்கும்வரை இந்த விலை" என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வாடிக்கை விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் உங்களை உறுத்துகிறது. 10 வீட்டில் 20 வாங்குகிறீர்கள், 25 ஆக்குகிறீர்கள், 2 வீடு விலகுகிறது. 8 பெருக்கல் 25, அதே 200. பணம் குறையவில்லை, 50 நிமிடம் கையில் நிற்கிறது. அதில் புது விலைக்கு 2 வீடு பிடிக்கலாம். பயப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். மிகவும் குறைவாகத் தருகிற வீடுகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு முறை முன்னதாகவே செய்தி அனுப்புங்கள்: "வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து நம் குறைந்தபட்சக் கட்டணம் 25. நாளும் வேலையும் வழக்கம்போலவே. உங்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள்." இவ்வளவு போதும். காரணம் அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பேரம் வரும்.

நிஜமாகவே கொடுக்க முடியாத வயதானவர் ஒருவர் எல்லா லைனிலும் இருப்பார். அவரைப் பழைய விலையிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் நோட்டில் மட்டும் அதை உதவி என்று தனியாக எழுதி, கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் வீட்டுக் கண்ணாடியும் மற்ற வீட்டுக் கண்ணாடி மாதிரியே பளிச்சென்று இருக்கட்டும்.

வாளியும்வைப்பரும்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. திங்கட்கிழமையிலிருந்து ஸ்டாப்வாட்ச் போடுகிறேன். ஒன்று மட்டும்: புதிதாக வருகிற வீட்டின் முதல் தடவைக்கும் இதே 25தானா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்பவர்களுக்கு?

நீலவாளி:
முதல் தடவை சட்டகம், விளிம்பு, ஒட்டடை எல்லாம் சேரும். நான் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை வாங்குகிறேன். வீட்டைப் பார்க்காமல் தொகை சொல்வதில்லை. பெயின்ட் துளியும் உப்புக்கறையும் தனி வேலை, தனி விலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றால் அழுக்கு ஏறிக் கிடக்கும், துடைக்க அதிக நேரமாகும், மாத விலை அவர்களுக்குக் கிடையாது. 25ஐ 35 ஆக்குங்கள். அடுத்த தேதியை அன்றே குறித்துக்கொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் ஐந்து மாதமாகிவிடும்.