முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய இரவு, எங்கள் குடும்பக் குழுவில்

ஞாயிறு, நவம்பர் 30

அத்தை, 8:12
[படம்: நட்சத்திரம், குடில், மூன்று ஒட்டகங்கள்]
அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள்! 🌟🌟

சித்தப்பா, 8:14
அக்கா, அவர் இன்னும் பிறக்கவில்லை. இன்றுதான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம்.

அத்தை, 8:15
2000 வருடத்துக்கு முன்பே பிறந்தாயிற்று. போதகராக இருந்துகொண்டு நீயே இப்படிச் சொன்னால் எப்படி?

தம்பி, 8:15
அத்தை 1, சித்தப்பா 0 😂

சித்தப்பா, 8:19
சரி, அடி பட்டதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கும் காலம்தான் அட்வெந்து. அது ‘வருகை’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வந்தவரை நினைப்பது பாதி, வரப்போகிறவரை எதிர்பார்ப்பது மீதி. இன்று ஆலயத்தில் வாசித்த பகுதியில் குழந்தையே கிடையாது, கவனித்தீர்களா? ‘விழித்திருங்கள்’ என்றுதான் இருந்தது. தொழுவத்துக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

தம்பி, 8:21
தப்பாக நினைக்காதீர்கள் சித்தப்பா. வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டே வராத மாதிரி நான்கு வாரம் இருப்பது ஒரு பாவனைதானே? கடைசிப் பக்கம் படித்துவிட்ட கதையை மறுபடி முதலிலிருந்து படித்து, ‘அடுத்து என்ன ஆகுமோ’ என்று பதறுவதா?

நான், 8:22
இவனுக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எனக்கும் வேண்டும்.

அத்தை, 8:23
என் படத்துக்கு ஒருவரும் ஒரு இதயம்கூடப் போடவில்லை.

அண்ணன், 8:23
❤️

சித்தப்பா, 8:26
அக்கா, படம் அழகுதான். ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு தன் நற்செய்தியில் எங்கேயும் சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று வகை. அவர்கள் வந்து சேர்ந்ததும் தொழுவத்துக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. ஒட்டகமும் அந்தக் கதையில் இல்லை.

அத்தை, 8:27
நட்சத்திரத்தையாவது விட்டு வைப்பாயா?

சித்தப்பா, 8:27
நட்சத்திரம் இருக்கிறது 😊

அண்ணி, 8:34
மன்னிக்க வேண்டும், மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறேன். ஒரு கையில் போன், இன்னொரு கை வயிற்றின் மேல். இடப் பக்கமாகப் படுத்து அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். இப்போதுதான் ஆரம்பித்தேன்.

பாட்டி, 8:36
🙏🙏🙏

அண்ணன், 8:37
35-வது வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் குறித்த தேதி ஜனவரி 6.

சித்தப்பா, 8:38
ஆர்மீனியத் திருச்சபைக்கு அன்றுதான் கிறிஸ்து பிறப்பு விழா. தாமதமாகப் பிறந்தது என்று பிள்ளையை யாரும் சொல்ல முடியாது.

அண்ணி, 8:45
தம்பி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதைத் திருவருகைக் காலம் என்போம். நீங்கள் இரட்சகர் என்பவரை நாங்கள் மீட்பர் என்போம். சொல் எதுவானாலும், படுத்த படுக்கையாக இருக்கும் இந்த மூன்று வாரத்தில்தான் எனக்கு அது புரிய ஆரம்பித்தது. குழந்தை வந்துவிட்டதா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இதோ இருக்கிறது, உதைக்கிறது, விக்கல்கூட எடுக்கிறது. ஆனால் இன்னும் முகம் தெரியாது. வந்தாயிற்று என்பதும் உண்மை, வரவில்லை என்பதும் உண்மை. இதில் பாவனை எங்கே இருக்கிறது தம்பி?

தம்பி, 8:47
இதை நான் யோசிக்கவில்லை அண்ணி.

அண்ணி, 8:47
மூன்று.

நான், 8:48
என்ன மூன்று?

அண்ணன், 8:48
அசைவு.

சித்தப்பா, 8:53
1943 நவம்பரில் பெர்லின் டேகல் சிறையிலிருந்து டீட்ரிஷ் போன்ஹோஃபர் இதைப் பற்றித் தன் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஹிட்லரை எதிர்த்த போதகர். சிறை அறையில் இருப்பது அட்வெந்து காலத்தைப் போன்றது என்கிறார். உள்ளே எதையாவது செய்துகொண்டு காத்திருக்கலாம், ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று உன்னிடம் சொன்னபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது அம்மா.

அண்ணி, 8:54
என் விஷயத்தில் கதவு உள்ளிருந்துதான் திறக்க வேண்டும் சின்ன மாமா 😄

தம்பி, 8:54
அண்ணி 1, போன்ஹோஃபர் 0

சித்தப்பா, 8:55
இந்தக் குழுவில் நான் வாயைத் திறக்கவே கூடாது. தூதன் சொன்னதை நம்பாமல் பிள்ளை பிறக்கும்வரை ஊமையாக இருந்த சகரியா மாதிரி இருந்துவிடுகிறேன்.

அத்தை, 8:56
இருந்து பார். அவர் மனைவி எலிசபெத்துக்கு அந்த வீட்டில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அண்ணி, 9:03
எலிசபெத்தைப் பற்றி ஒன்று. கருவுற்ற பிறகு ஐந்து மாதம் அவர் வெளியே தெரியாமல் இருந்தார் என்று லூக்கா தன் நற்செய்தியில் எழுதியிருக்கிறார். ஏன் என்று சின்ன வயதில் புரியவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடவை நாங்கள் இரண்டாம் மாதமே எல்லோருக்கும் சொன்னோம். அப்புறம் அதே எல்லோரிடமும் திரும்பப் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஐந்து மாதம் இந்தக் குழுவில்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு வருத்தம் இருந்திருக்கும்.

அத்தை, 9:04
எனக்கு வருத்தம் இருந்தது. இப்போது இல்லை கண்ணு.

நான், 9:05
❤️

அண்ணி, 9:06
ஐந்து.

பாட்டி, 9:14
[குரல் செய்தி, 2:41]

அத்தை, 9:16
எனக்கு இது திறக்கவே மாட்டேன் என்கிறது.

நான், 9:27
பாட்டி சொன்னதை அப்படியே எழுதிப் போடுகிறேன்:
“எல்லோரும் கர்ப்பிணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வயதுக்காரியைப் பற்றி நான் பேசுகிறேன். பானுவேலின் மகள் அன்னாள். புருஷனோடு வாழ்ந்தது 7 வருஷம், அப்புறம் விதவை. 84 என்று ஒரு கணக்கு லூக்காவில் இருக்கிறது, வயதா, விதவையாக இருந்த வருஷமா என்று தெளிவில்லை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தாள். பக்கத்தில் நின்ற சிமியோனுக்கு எவ்வளவு வயது என்று லூக்கா சொல்லவே இல்லை, நாமாகத்தான் அவரைக் கிழவராக்கினோம். ஆனாலும் அவருக்கு ஒரு முழுப் பாட்டு கொடுத்தார்கள். அன்னாள் பேசினாள் என்று மட்டும் எழுதினார்கள், என்ன பேசினாள் என்று எழுதவில்லை. அது எனக்கு இன்னமும் மனத்தாங்கல்தான்.

பேராண்டி, நீ கேட்டாயே, அதற்கு வருகிறேன். அவர்கள் இருவரும் என்னத்தைக் கண்டுவிட்டார்கள்? தேவாலயத்துக்குக் கொண்டுவந்த இயேசுவை, நாற்பது நாள் பிள்ளையை. தலைகூட நின்றிருக்காது. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாமல் இரண்டு பறவைகளைக் காணிக்கை கொடுக்க வந்த தாயும் தகப்பனும். வெளியே ஏரோது அரண்மனையில் அப்படியேதான் இருக்கிறான். ரோமர் ஆட்சி அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘உம்முடைய இரட்சணியத்தை என் கண்கள் கண்டது’ என்கிறார் சிமியோன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஊழியத்தைத் தொடங்க ஏறக்குறைய 30 வயதாயிற்று. அதற்குள் இவர்கள் இருந்திருப்பார்களா என்ன? ஆனாலும் கொண்டாடிவிட்டுப் போனார்கள்.”

தம்பி, 9:30
அப்படியானால் பிறந்த பிறகும் காத்திருப்பு முடியவில்லை என்கிறீர்களா பாட்டி?

பாட்டி, 9:31
[குரல் செய்தி, 0:06]

நான், 9:32
“உன்னைப் பெற்ற பிறகு உன் அம்மாவுக்குக் காத்திருப்பு முடிந்ததா?”

அண்ணன், 9:32
😂😂😂

சித்தப்பா, 9:35
ஞாயிறு பிரசங்கத்துக்கு இதை எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா?

பாட்டி, 9:36
[குரல் செய்தி, 0:04]

நான், 9:36
“அன்னாளுக்கும் சேர்த்துப் பேசுவாய் என்றால் எடுத்துக்கொள்.”

அத்தை, 9:40
எனக்கு ஒரு சந்தேகம். எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் இருக்கும்போது மரியாள் அவள் வீட்டுக்குப் போனாள், மூன்று மாதம் இருந்தாள். ஆறும் மூன்றும் ஒன்பது. அப்புறம் ‘வீட்டுக்குத் திரும்பினாள்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்தில்தான் பிரசவம் வருகிறது. பேறுகால நேரம் பார்த்து யாராவது கிளம்பிப் போவார்களா?

சித்தப்பா, 9:43
லூக்கா ஒருவருடைய கதையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவார். எலிசபெத்தின் மகன் யோவானைச் சிறையில் வைத்ததைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இயேசுவின் ஞானஸ்நானத்தைச் சொல்லியிருப்பார், பாருங்கள். அதனால் மரியாள் பிரசவம் பார்த்துவிட்டே போயிருக்கலாம்.

அத்தை, 9:44
இருந்திருப்பாள். நான் இருப்பேன். பையை எடுத்து வைத்துவிட்டேன், நீங்கள் கூப்பிட்டால் போதும்.

அண்ணன், 9:45
ஜனவரி 6 அத்தை. இன்னும் ஐந்து வாரம்.

அத்தை, 9:45
பை இருக்கட்டும், அதற்கென்ன?

நான், 10:02
அண்ணி, எண்ணிக்கை எங்கே நிற்கிறது?

நான், 10:09
அண்ணி?

அண்ணன், 10:10
எட்டு. போனைக் கீழே வைத்துவிட்டாள். நானும் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி, 10:11
🙏

தம்பி, 10:17
நானும் தூங்கவில்லை.

அத்தை, 10:18
நானும்தான்.

அண்ணி, 10:24
ஒன்பது. புரண்டு படுத்த மாதிரி இருந்தது.

சித்தப்பா, 10:25
இருக்கிறோம் அம்மா.

அண்ணி, 10:31
பத்து.

பாட்டி, 10:31
[குரல் செய்தி, 0:03]

நான், 10:32
“சரி, எல்லோரும் போய்த் தூங்குங்கள்.”