ஆளை உட்கார வைத்துப் பார்த்தால் தெரிவது: தமிழ் வலைத்தளங்களில் யூசர் டெஸ்டிங் அனுபவப் பகிர்வு

முதல்திரை:
கட்டணம் கட்டுவது, விண்ணப்பம் போடுவது, டிக்கெட் எடுப்பது என்று தமிழ்ப் பக்கம் வைத்திருக்கும் தளங்களை நேரடியாக ஆட்களை வைத்துச் சோதிப்பவர்கள் இங்கே எழுதலாம். சொந்தக் கதை வேண்டாம். ஆள் எங்கே தடுக்கினார், ஏன், எதை மாற்றியதும் சரியானது, அது போதும்.

சும்மாஇரு:
முதலில் சோதனை நடத்துபவரின் வாய். பாதி டெஸ்ட் அதில்தான் கெடுகிறது.

பணியை எழுதும்போது பக்கத்தில் இருக்கும் சொல்லையே பயன்படுத்திவிடுவோம். "கட்டணச் சேவைகள் போய் பில் கட்டுங்க" என்றால் அவர் அந்தச் சொல்லைக் கண்ணால் தேடி அமுக்குவார், அவ்வளவுதான். தேடத் தெரிந்தது, புரிந்ததா என்பது தெரியாது. "கரண்ட் பில் வந்திருக்கு, நாளைக்குக் கடைசி நாள். இந்த போன்ல என்ன செய்வீங்க?" என்று சூழ்நிலையை மட்டும் கொடுங்கள். 45 நிமிடத்துக்கு 4 அல்லது 5 பணி. அதற்கு மேல் போனால் கடைசிப் பணிகளில் ஆள் களைத்துவிடுவார், களைப்பை வடிவமைப்புக் கோளாறு என்று எழுதி வைப்போம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் ஊரில் வயதில் பெரியவர் "நல்லாத்தாம்பா இருக்கு" என்பார், சின்னவர் "சூப்பர் சார்" என்பார். இருவரும் இரண்டு நிமிடம் முன்னால்தான் 'பேக்' பட்டனை நான்கு முறை அமுக்கியிருப்பார்கள். வாய் சொன்னதை விட்டுவிட்டு விரல் செய்ததை எழுதுங்கள்.

நடுவில் தயங்கி, "நான் தப்பா பண்ணிட்டேனுங்களா?" என்பார்கள். "இல்லீங்க, பேஜ்தான் சரியா சொல்லல. இப்ப என்ன வரும்னு நெனச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டால் போதும். வழி சொல்லாதீர்கள். மௌனம் 10 விநாடி நீண்டாலும் பொறுங்கள், அதற்குள் அவரே பேசிவிடுவார். தொடக்கத்திலேயே "இதை நான் செய்யல, குறை சொன்னா எனக்கு வருத்தமில்ல" என்று சொல்லிவைத்தால் மரியாதைக்காக மறைப்பது குறையும். (அது உண்மையாக இருக்க வேண்டும். வடிவமைத்தவரை அந்த அறையில் உட்கார வைக்காதீர்கள். முகம் காட்டிக்கொடுத்துவிடும்.)

முழுப்பெயர்:
எந்தப் படிவத்தைச் சோதித்தாலும் முதலில் நிற்பது பெயர்ப் பெட்டியில்தான். வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நம்மவருக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். இனிஷியலைக் குடும்பப்பெயரில் போட்டால் "குறைந்தது 2 எழுத்து" என்று தள்ளும். புள்ளி வைத்தால் "சிறப்புக் குறி கூடாது" என்று தள்ளும். கடைசியில் அப்பா பெயரை எழுதுவார், அது சான்றிதழோடு ஒத்துப்போகாது. ஒரே பெட்டி போதும்: "பெயர், சான்றிதழில் உள்ளபடி". புள்ளி, இடைவெளி, ஒற்றை எழுத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் எழுதச் சொன்னால் இன்னொரு குழி. சரிபார்க்கும் நிரலில், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடின் 'எழுத்து' பிரிவை மட்டும் அனுமதித்துவிட்டு 'குறி' பிரிவை மறந்துவிடுவார்கள். புள்ளியும் கால், கொம்பு, விசிறி எல்லாமும் குறி. அதனால் 'கமல' உள்ளே போகும், 'குமார்' போகாது. சோதனைக்கு வந்தவருக்கு எதற்குத் தள்ளுகிறது என்றே புரியாது, மூன்று முறை அதையே திரும்ப டைப் செய்வார்.

நீள வரம்பும் அப்படித்தான். 'கோவிந்தராஜன்' நம் கணக்கில் 7 எழுத்து, குறிகளையும் தனியே எண்ணும் பிரவுசர் கணக்கில் 12. பெட்டியில் 20 என்று வரம்பு வைத்தால் சற்று நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும். டேட்டாபேஸ் பைட்டில் எண்ணினால் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் இதே பெயர் 36. வரம்பைத் தாராளமாக 100க்கு மேல் வைத்துவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

நோட்டுப்பேனா:
எத்தனை பேர் வேண்டும்? 5 பேர் போதும் என்கிறார்களே, நம்பலாமா?

சும்மாஇரு:
அந்த 5 வருவது யூசர் டெஸ்டிங் ஆய்வாளர்கள் நீல்சனும் லேண்டாவரும் 1993இல் கொடுத்த சூத்திரத்திலிருந்து. ஒரு கோளாறை ஒருவர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று எடுத்தால், 5 பேரில் சுமார் 85 சதவீதக் கோளாறு வெளிப்படும். 3 பேரிலேயே 67 வந்துவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் கோளாறு 5 பேர் டெஸ்ட்டில் தலைகாட்டும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதனால் 15 பேரை ஒரே நாளில் வரிசையாக உட்கார வைப்பதைவிட, 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர் என்று மூன்று சுற்று நல்லது. இன்னொன்று: விவசாயியும் கல்லூரி மாணவரும் பயன்படுத்தும் தளம் என்றால் அது ஒரு கூட்டமல்ல, இரண்டு. ஒவ்வொன்றிலும் 3, 4 பேராவது வேண்டும். எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள் என்று எண்ணிக்கை காட்ட வேண்டுமென்றால் 5 உதவாது, குறைந்தது 20.

வரிஉயரம்:
எழுத்து பற்றி யாராவது பேச வேண்டுமே.

ஆங்கிலப் பக்கத்தை வடிவமைத்து முடித்துக் கடைசியில் தமிழை ஊற்றுவதுதான் வழக்கம். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்று அப்படியே இருக்கும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் சுழியும் முட்டிக்கொள்ளும். பட்டனுக்கு உயரத்தைப் பூட்டியிருந்தால் புள்ளி வெட்டுப்பட்டு மெய் உயிர்மெய்யாகிவிடும். பத்திகளில் வரும் எழுத்துக்கு 1.6 வையுங்கள். பட்டனுக்கு உயரத்தைப் பூட்டாமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். 14 பிக்சலுக்குக் கீழே தடித்த எழுத்து வேண்டாம், ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும். உள்ளீட்டுப் பெட்டியில் 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி தானாகப் பெரிதாக்கும், பக்கம் ஓரமாக நகர்ந்து அனுப்பும் பட்டன் கண்ணில் படாது.

டெஸ்ட்டுக்கு வருபவரின் சொந்த போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். பலர் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். நம் மேசை மானிட்டரில் ஒரே வரியில் நிற்கும் மெனு அங்கே மூன்று வரியாகி முதல் திரையையே விழுங்கும். ரெக்கார்டிங் தொடங்கும் முன் அறிவிப்புகளை நிறுத்தச் சொல்லுங்கள், அவருடைய வாட்ஸ்அப் செய்தி நமக்குத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவில் விரல் தொட்ட இடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் தவறிய தொடுதல் எல்லாம் தெரியும்.

பட்டன் சொல்: 'சமர்ப்பிக்கவும்' 9 எழுத்து, 'அனுப்பு' 4. மரியாதைக் குறைவு என்று மேலதிகாரிகள் மறுப்பார்கள். பயனர் கணினிக்கு இடும் கட்டளை அது, கணினிக்கு எதற்கு 'வும்'?

ஆறுஇலக்கம்:
ஓடிபி திரையில் பார்த்தவை.

'ஒருமுறை கடவுச்சொல்' என்று எழுதினால் சிலர் தங்கள் பழைய பாஸ்வேர்டை டைப் செய்வார்கள். 'ஓடிபி' என்றே போடுங்கள், வாயில் புழங்கும் சொல் அதுதான். பக்கத்திலேயே "போனுக்கு வந்த 6 இலக்க எண்".

ஆறு தனித்தனிக் கட்டம் அழகாகத்தான் இருக்கும். ஒட்டினால் முதல் கட்டத்தில் ஒரு இலக்கம் மட்டும் விழும், அழித்தால் முந்தைய கட்டத்துக்குப் போகாது. ஒரே பெட்டி, எண் விசைப்பலகை வரும்படி உள்ளீட்டு முறை, ஓடிபி தானாக நிரம்பும் குறிப்பு, இந்த மூன்றும் போதும். பெட்டியின் வகையை 'நம்பர்' என்று வைக்காதீர்கள். எண்ணாக மாற்றிச் சேமித்தால் முன்னால் உள்ள 0 போய்விடும். தமிழ்நாட்டு மின் இணைப்பு எண்ணில் 01, 02 என்று மண்டல எண்தான் முதலில் வருகிறது, அங்கேயும் இதே விபத்து.

எஸ்எம்எஸ் தமிழில் போனால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்தில் 160. எண்ணை முதல் வரியிலேயே வையுங்கள், அறிவிப்புப் பட்டையில் மிச்சம் தெரியாது.

பிழைச்செய்தி: "செல்லுபடியாகாத உள்ளீடு" என்று காட்டினால் ஆள் மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பார். "பின்கோடு 6 இலக்கம், நீங்கள் எழுதியது 5" என்று அந்தப் பெட்டிக்கு அடியிலேயே காட்டுங்கள். பிழை வந்தால் நிரப்பிய மற்றவை அழியக் கூடாது. அழிந்த இடத்தில்தான் பலர் "விடுங்க, சென்டர்ல போய்ப் போட்டுக்கறேன்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

பத்துகேள்வி:
முடிவில் மதிப்பெண் கேட்கும் நிர்வாகத்துக்கு எஸ்யூஎஸ் இருக்கிறது, தளம் பயன்படுத்த எளிதா என்று கேட்கும் வினாத்தாள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது, 10 வாக்கியம், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறார் என்று 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியத்தில் விடையிலிருந்து 1 கழிக்கவும், இரட்டைப்படையில் 5இலிருந்து விடையைக் கழிக்கவும், கூட்டி 2.5ஆல் பெருக்கவும். 68 சராசரி. சதவீதம் அல்ல.

தமிழில் இரட்டைப்படை வாக்கியங்கள்தான் தொல்லை. அவை எதிர்மறை. கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 5 போட்டுக்கொண்டே போவார்கள். எல்லாம் 5 போட்டாலும், எல்லாம் 1 போட்டாலும், எல்லாம் 3 போட்டாலும் விடை 50தான். ஆகவே சரியாக 50 வந்த தாளைத் தனியே எடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தயங்குபவரிடம் தாளைக் கொடுக்காமல் வாக்கியத்தை நாமே படித்துக் காட்டினால் இது குறையும்.

நோட்டுப்பேனா:
திருத்திய பிறகு அதே 5 பேரை மறுபடி கூப்பிடலாமா? ஆள் பிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சும்மாஇரு:
கூடாது. அவர்களுக்கு வழி பழகிவிட்டது, மோசமான பக்கத்திலும் இப்போது நேராகப் போவார்கள். திருத்தம் சரியானதா என்று மட்டும் பார்க்கப் புதிதாக 3 பேர் போதும், முந்தைய சுற்றில் ஆட்கள் தடுக்கி நின்ற பணிகளை மட்டும் கொடுங்கள். ஆள் பிடிக்க இ-சேவை மையத்தில் காத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். முதல் ஆள் வருவதற்கு முந்தைய நாள் அலுவலகத்தில் தளம் தெரியாத ஒருவரை வைத்து ஒரு ஒத்திகை. சோதனைக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியானது எப்போதும் அன்றைக்குத்தான் தெரியும்.