புதுக் கண்ணாடிக்குப் பழமைத் தோற்றம் தர யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய தேக்குச் சட்டத்துக்குப் புதுக் கண்ணாடி வெட்டிப் பொருத்தினேன்; அதன் பளபளப்பு சட்டத்தோடு ஒட்டவேயில்லை. ரசம் போன தோற்றம் வேண்டி, ஒரு துண்டுக் கண்ணாடியின் பின்புறத்தில் பெயிண்ட் ரிமூவர் பூசி, 20 நிமிடம் கழித்துப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தபோது, சாம்பல் நிறப் பெயிண்ட் சுருண்டு வந்ததோடு அடியிலிருந்த வெள்ளிப் பூச்சிலும் கீறல் விழுந்துவிட்டது. அடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தெளிப்பதா, பிளீச்சிங் திரவத்தை ஒற்றியெடுப்பதா என்று தயங்குகிறேன். (இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆகவே ஒன்று மட்டும்தான்.) கரும்புள்ளிகள், ஈரம் ஏறியதுபோல் ஓரங்களில் அடர்ந்தும் நடுவில் அரிதாகவும் அமைய, எதை எவ்வளவு நேரம் விட வேண்டும்? கழுவி உலர்த்தியபின் பின்புறம் கறுப்பு அடிப்பது நல்லதா, பழுப்பா? செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.