3,35,50,336: “ஏன் 26?” என்று கேட்ட பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில், எங்கள் ஐயா வீட்டு வளவில் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இந்த வாரம் நிறைவெண்கள், அதாவது தன்னைத் தவிர்த்த மற்ற காரணிகளைக் கூட்டினால் அதே எண் வருபவை. ஆத்தங்குடிக் கல் தரையில் கோலப்புள்ளியாக 1, 2, 3 என்று ஏழு வரிசை வைத்தார்கள், 28 வந்தது. 28-ஐ விட்டுவிட்டால் அதன் காரணிகள் 1, 2, 4, 7, 14. கூட்டினாலும் 28. அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு.

6, 28, 496, 8128. அடுத்தது ஒரேயடியாக 3,35,50,336. இது 4096 × 8191. புள்ளியாக வைத்தால் 8191 வரிசை. 1 முதல் 127 வரையுள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதேதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சிக்கல் 8191-இல். அது பகா எண்ணாக இருந்தால்தான் 3,35,50,336 நிறைவெண் ஆகும். அது பகா எண் என்று காட்ட, 90-க்குள் இருக்கும் 24 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் 8191 என்பது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதனால் அதை வகுக்கும் பகா எண், 26-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் 53, 79 இரண்டே போதும். மீதி 29, 54. முடிந்தது.

“ஏன் 26?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். 1-இலிருந்து இரட்டித்துக்கொண்டே போய், 8191-ஐ வகுக்கும் பகா எண்ணால் ஒவ்வொன்றையும் வகுத்தால், மீதிகள் 13 படியில் 1-க்குத் திரும்பும் என்பது வரை புரிகிறது. மற்ற மீதிகளும் பதின்மூன்று பதின்மூன்றாகவே பிரியும் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பகா எண்ணால் வகுத்தால் வரும் அடுக்குகளின் மீதியைச் சொல்லும் ஃபெர்மா தேற்றம் இன்னும் படிக்கவில்லை. வளையல், சோழி வைத்து இதைக் காட்டிய ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா? சனிக்கிழமை வகுப்புக்குள் சொன்னால் பேருதவி.